ஒன்லைனில் முத்து வாங்குமுன் கேட்க வேண்டியவை

கிளிநொச்சியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: "தங்கச்சியின் கலியாணத்துக்கு ஒரு முத்துச் சரமும் தோடும் ஒன்லைனில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். படத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. ஒன்று 2,500 ரூபாய், இன்னொன்று ஒரு இலட்சத்துக்கும் மேலே. ஒருவர் 'ஒறிஜினல் மன்னார் முத்து' என்றே போட்டிருக்கிறார். எது எந்த முத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

அக்கா, முதலில் அந்த மன்னார் முத்துக்காரரை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். வன்னியில் ஒருவருக்கு முத்து விற்க அதைவிட நல்ல பெயர் கிடையாது, அதனால்தான் அதைப் போடுகிறார்கள். சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்தது உண்மை. அரிப்பில் கடல் அரித்து மிச்சமாய் நிற்கிறதே அல்லிராணிக் கோட்டை, அது ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க வந்தால் தங்குவதற்காகக் கட்டியது. பிறகு 1906இல் முத்துப்பார்களை, அதாவது முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை, ஒரு லண்டன் கொம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு பார்களில் குளிக்கும் அளவுக்குச் சிப்பி இல்லாமல் போனது, கொம்பனியும் படுத்துவிட்டது. அந்தப் பழைய அளவில் முத்துக்குளிப்பு அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. ஆகவே, ஒரே அளவில், ஒரே வெள்ளையில், ஐம்பது அறுபது மணி கோத்த புதுச் சரம் ஒன்றை இன்று ஒருவர் மன்னார் முத்து என்று 2,500 ரூபாய்க்கு விற்றால், அது எதுவாகவும் இருக்கலாம், மன்னார் முத்தாக மட்டும் இராது.

உண்மையான பழைய மன்னார் முத்து ஆச்சியின் தோட்டிலோ மூக்குத்தியிலோ இருக்கக்கூடும். அவை பெரும்பாலும் சின்ன முத்துகள், பாற்கட்டி நிறம், கிட்டப் பார்த்தால் ஒன்றுபோல் மற்றது இராது. அப்படி ஏதும் வீட்டில் இருந்தால் தயவுசெய்து அதைக் கொடுத்துப் புதுசு மாற்ற வேண்டாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். முத்து என்று விற்கப்படுவதில் மூன்று வகை உண்டு. ஒன்று, மனிதக் கை படாமல் சிப்பிக்குள் தானாக விளைந்தது. இரண்டாவது, மனிதர் சிப்பியைத் திறந்து உள்ளே ஏதோ ஒன்றை வைத்து, அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டு வளர்த்தது. இதுதான் வளர்ப்பு முத்து. மூன்றாவது, சிப்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத போலி. முதல் வகை இன்று புதிதாகக் கடைக்கு வருவது மிக அரிது, வந்தாலும் விலை நம் கைக்கு எட்டாது. நீங்கள் ஒன்லைனில் பார்ப்பது இரண்டாவது அல்லது மூன்றாவது. இங்கே பலர் குழம்புவது, வளர்ப்பு என்றால் போலி என்று நினைத்து. அப்படியில்லை. வளர்ப்பு முத்தும் சிப்பி சுரந்த படலத்தால் ஆனதுதான், அது உண்மை முத்துத்தான்.

வளர்ப்பில் நீங்கள் அதிகம் காணப்போவது நன்னீர் முத்து, 'ப்ரெஷ்வோட்டர்' என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் சீனாவில், குளங்களில், மட்டிகளுக்குள் வளர்ப்பது. இதில் உள்ளே மணி எதுவும் வைப்பதில்லை, இன்னொரு மட்டியின் சதையிலிருந்து வெட்டிய சின்னத் துண்டை வைக்கிறார்கள். அந்தத் துண்டைச் சுற்றிப் படலம் வளர வளர, முத்து முழுக்க முழுக்கப் படலமாகவே ஆகிவிடுகிறது. ஒரு மட்டியில் முப்பது, நாற்பது என்று வைக்கலாம், அதனால்தான் விலை குறைவு. நடுவில் உருண்டையான மணி இல்லாததால் வடிவம் அப்படி இப்படி வரும்: அரிசி மாதிரி, உருளைக்கிழங்கு மாதிரி, ஒரு பக்கம் தட்டையாகப் பொத்தான் மாதிரி. நன்றாக உருண்டது கிடைக்கும், ஆனால் தேடிப் பொறுக்க வேண்டும், விலையும் ஏறும். இயற்கையான நிறங்கள் வெள்ளை, பாற்கட்டி, பீச் நிறம், இளஞ்சிவப்பு, ஊதா கலந்த சாம்பல். இதிலும் மணி வைத்து வளர்த்த பெரிய உருண்டை முத்துகள் இப்போது வருகின்றன, 'எடிசன்' என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அவை 12 மில்லிமீற்றருக்கும் மேலே போகும், விலையும் சாதாரண நன்னீர் முத்தைவிட நன்றாகக் கூட.

அடுத்தது அகோயா, இது கடல்நீரில் வளர்ப்பது. யப்பானில் மிக்கிமொட்டோ என்பவர் தொடங்கிவைத்த தொழில். 1893இல் அவருக்குக் கிடைத்தது அரைக்கோள முத்துத்தான், முழு உருண்டை அதற்கும் சில காலம் பிறகு. ஒரு வேடிக்கை என்னவென்றால், அகோயா விளையும் சிப்பியும் நம் மன்னார்ப் பார்களில் கிடந்த சிப்பியும் நெருங்கிய உறவு, பிங்க்டாடா ஃபுகாட்டா என்ற இனம். 1973இல் தூத்துக்குடியில் இந்திய விஞ்ஞானிகள் அதே சிப்பியில் வளர்ப்பு முத்து எடுத்தும் காட்டினார்கள். அகோயாவுக்குள் மணி உண்டு. அமெரிக்க ஆற்று மட்டியின் தடித்த ஓட்டை உருட்டிச் செய்த மணி. அதன் மேல் சிப்பி சுரந்த படலம் மெல்லியது, நல்ல முத்தில் அரை மில்லிமீற்றர் அளவில்தான் வரும். சீனி பூசிய கச்சானை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே பார்ப்பது பூச்சு, உள்ளே கச்சான். அகோயாவின் பெயரெல்லாம் அதன் உருண்டையிலும் நீரோட்டம் என்கிற பளபளப்பிலும்தான். நல்ல அகோயாவில் உங்கள் முகமும் ஜன்னலும் கூர்மையாகத் தெரியும். அவசரப்பட்டுச் சீக்கிரம் எடுத்த மலிவு அகோயாவில் படலம் மிக மெல்லியதாக இருக்கும். அதை வெளிச்சத்தில் மெதுவாக உருட்டினால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் மாறி மாறி அடிக்கும், உள்ளே இருக்கும் மணியின் கோடுகள் நிழலாகத் தெரியும். சில வருடம் போட்டால் துளையோரத்தில் படலம் உரிந்து, உள்ளே சுண்ணாம்பு வெள்ளை தெரியத் தொடங்கும். அந்த மாதிரி அகோயாவை வாங்குவதைவிட அதே காசுக்கு நல்ல நன்னீர்ச் சரம் வாங்குவது புத்தி என்பது என் கருத்து.

அகோயாவுக்கு அளவு ஒரு நல்ல காவல்காரன். 6 முதல் 8 மில்லிமீற்றர்தான் வழக்கம், 9ஐத் தாண்டுவது அரிது. ஒருவர் '12 மில்லிமீற்றர் அகோயா, சலுகை விலை' என்று போட்டால் மேலே வாசிக்கவே வேண்டாம்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்ன விலைக்கு அவை முழுச் சரமாக வராது. சவுத் சீ முத்து அவுஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் விளைவது. வெள்ளை, வெள்ளி, தங்க நிறம். பெரிது, 9 மில்லிமீற்றரிலிருந்து 15 வரை சாதாரணம். படலம் தடிப்பு, அதனால் கண்ணாடி மாதிரிப் பளபளக்காது, உள்ளிருந்து மெல்ல ஒளிர்வது போல இருக்கும். தஹித்தி முத்து பிரெஞ்சுப் பொலினீசியாவில் கறுப்பு உதடுச் சிப்பியில் விளைவது. கறுப்பு என்கிறார்கள், ஆனால் நன்றாகப் பார்த்தால் சாம்பலும் பச்சையும் மயில் கழுத்து நிறமும் கலந்திருக்கும், சரத்தில் இரண்டு முத்து ஒரே நிறத்தில் அமையாது. இங்கேதான் ஒரு முக்கியமான அடையாளம்: மை மாதிரிச் சீரான கறுப்பு, எல்லா மணியும் ஒரே கறுப்பு, விலையும் மலிவு என்றால் அது சாயம் போட்ட நன்னீர் முத்து. சாயம் துளையோரத்திலும் சின்னப் புள்ளிகளிலும் கூடுதலாகத் தேங்கி நிற்கும். சாயம் போட்டது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் குற்றம். கடும் சிவப்பு, கிளிப்பச்சை எல்லாம் கேள்வியே இல்லாமல் சாயம்தான். வெள்ளை நன்னீர் முத்தையும் அகோயாவையும்கூடப் பெரும்பாலும் வெளுக்க வைத்துத்தான் விற்கிறார்கள், அது வழக்கமாகச் செய்வது, அதற்காக யாரையும் பிடிக்க வேண்டியதில்லை.

இப்போது போலிக்கு வருவோம், ஏமாற்றம் நடப்பது இங்கேதான். பெரும்பாலும் பொய் சொல்லி ஏமாற்றுவதில்லை, பெயரைச் சேர்த்து ஏமாற்றுகிறார்கள். 'சவுத் சீ ஷெல் பேர்ள்' என்று வாசித்ததும் கண் 'சவுத் சீ'யில் நின்றுவிடும். உண்மையில் அது சிப்பி ஓட்டை உருட்டியோ அரைத்தோ செய்த மணிக்கு மேலே பூச்சுப் பூசியது. 'ஷெல்' என்ற சொல் அங்கே சும்மா நிற்கவில்லை, முழு உண்மையும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. மஜோர்க்கா என்பதும் ஸ்பெயினின் மல்லோர்க்காத் தீவிலிருந்து பெயர் பெற்ற செயற்கை முத்து, நன்றாகச் செய்தது, ஆனால் செயற்கை. 'சிமியுலேற்றட்', 'ஃபோ', 'பேர்ள் ஃபினிஷ்', 'கிளாஸ் பேர்ள்' எல்லாம் போலிக்கே வேறு வேறு பெயர்கள். 'நச்சுரல் கலர்' என்றால் நிறம் இயற்கை என்றுதான் அர்த்தம், முத்து இயற்கை என்றல்ல. 'தஹித்தி கலர்' என்றால் தஹித்தி இல்லை. 'ஹைதராபாத் முத்து' என்பது ஊர் வியாபாரத்தின் பெயர். ஹைதராபாத்தில் கடலும் இல்லை, சிப்பியும் இல்லை, துளையிட்டுக் கோக்கும் தொழிலுக்குத்தான் அந்த ஊர் பேர்போனது. இன்று அங்கே விற்பதில் பெரும்பகுதி சீன நன்னீர் முத்து. அதில் தப்பில்லை, அந்தப் பெயருக்காகக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் இந்த ஏ, ஏஏ, ஏஏஏ என்று போடும் தரக்குறிகள். இதற்கு உலகப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒவ்வொரு கடையும் தன் பெட்டியில் இருக்கும் நல்லதற்குத் தானே ஏஏஏ வைத்துக்கொள்கிறது. சிலாவத்துறைக் காலத்து வியாபாரிகள் பித்தளைச் சல்லடைகளில் வரிசையாக அரித்து அளவு பிரித்தார்கள், முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1000. பிறகு உருட்சியும் நீரோட்டமும் பார்த்து, குறையில்லாததை ஆணிமுத்து என்று தனியே எடுத்தார்கள். அது சந்தை முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு. இன்றைய ஏஏஏ அப்படிப்பட்டதில்லை, அதைக் கண்டால் உற்சாகப்பட ஒன்றுமில்லை. கனடா, அமெரிக்கா பக்கம் உறவுகள் வாங்கி அனுப்புவதாக இருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள்: அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு வழிகாட்டல்களின்படி, வளர்ப்பு முத்தை வளர்ப்பு என்றும் போலியைப் போலி என்றும் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும். வளர்ப்பைக் குறிக்கும் 'கல்ச்சர்ட்' என்ற சொல்லே இல்லாத அமெரிக்கக் கடைப் பக்கத்தில் முத்து வாங்குவதை யோசித்துச் செய்யச் சொல்லுங்கள்.

படத்தை வைத்து மட்டும் முடிவு எடுக்க வேண்டாம். விற்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஜன்னல் ஓரமாக, பிளாஷ் இல்லாமல், சரத்தைக் கையில் உருட்டி எடுத்த ஒரு வீடியோ. கடை விளக்கில் எல்லாமே மின்னும். பகல் வெளிச்சத்தில் உண்மை முத்துச் சரம் என்றால் மணிக்கு மணி சின்ன வித்தியாசம் தெரியும்: ஒன்று கொஞ்சம் சிவப்புச் சாயல், ஒன்றில் ஒரு ஊசிமுனைக் குழி, ஒன்றின் உருவம் சற்றே நீளம். எல்லா மணியும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தால், அவை உண்மையிலேயே வார்த்தவைதான்.

இரண்டாவது, துளையின் கிட்டப் படம். இதைத்தான் நான் எதைவிடவும் நம்புவேன். இன்றைய போன்களில் இருக்கும் மெக்ரோ கமெராவே போதும். போலி மணியின் துளையோரத்தைப் பாருங்கள்: பூச்சு அங்கே ஒழுங்கில்லாமல் மேடு தட்டி, காய்ந்த பெயின்ற் மாதிரிச் சுருண்டு அல்லது சின்னச் சின்னதாய் உதிர்ந்து நிற்கும், உள்ளே கண்ணாடியின் மினுக்கமோ பிளாஸ்ரிக்கின் மங்கலோ தெரியும். உண்மை முத்தில் துளை கூர்மையான விளிம்போடு சுத்தமாக இருக்கும். அகோயாவாக இருந்தால் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு மெல்லிய கோடு சுற்றிவரும், படலம் முடிந்து மணி தொடங்கும் இடம் அது. அந்தக் கோடு எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அவ்வளவு தடிப்பு உங்கள் படலம். மணியில்லாத நன்னீர் முத்தில் அப்படிக் கோடே இராது. நேர்மையான வியாபாரி இந்தப் படத்தை எடுத்து அனுப்பத் தயங்கமாட்டார். 'எங்களிடம் எல்லாம் ஒறிஜினல் அக்கா, நம்பி எடுங்கோ' என்று மட்டும் பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

மணிக்கு மணி முடிச்சுப் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். பட்டுநூலில் முடிச்சுப் போட்டுக் கோப்பது நல்ல வழக்கம், நூல் அறுந்தாலும் ஒரு முத்துத்தான் விழும், ஒன்றோடொன்று உரசவும் மாட்டா. ஆனால் இன்று போலிச் சரத்துக்கும் முடிச்சுப் போடுகிறார்கள், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எடையும் அப்படித்தான். பாரமாக இருந்தால் பிளாஸ்ரிக் இல்லை என்று மட்டும் தெரியும், கண்ணாடி மணியும் முத்தும் கிட்டத்தட்ட ஒரே பாரம்.

பார்சல் வந்ததும் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு முத்தை எடுத்து ஒன்றோடொன்று மெதுவாக உரசுங்கள். உண்மை முத்து நறநறவென்று இலேசாகப் பிடிக்கும், கொஞ்சம் வெள்ளைத் தூள் வரும், விரலால் துடைத்தால் முத்துக்கு ஒன்றும் ஆகியிராது. போலி வழுக்கிக்கொண்டு போகும். முன்பல்லில் உரசிப் பார்க்கும் பழைய வழக்கமும் இதே காரணத்தால்தான்: படலம் நுண்ணிய தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்தது. இதில் உண்மை முத்து என்றுதான் தெரியும், வளர்ப்பா இயற்கையா என்று தெரியாது. அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஆய்வுகூடம் வேண்டும். லைற்றரால் சுட்டுப் பார்ப்பது, வினாகிரியில் போட்டுப் பார்ப்பது என்று வீடியோக்கள் சுற்றுகின்றன, தயவுசெய்து செய்யாதீர்கள். முத்து கல்சியம் காபனேற்று, அமிலத்தில் கரையும். சோதனையில் அது உண்மை என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் நீரோட்டம் போயிருக்கும்.

சேர்ட்டிபிக்கற் பற்றியும் கேட்பீர்கள். மலிவுச் சரத்தோடு வரும் அழகான அட்டை விற்பவரே அச்சடித்தது. ஜிஐஏ (அமெரிக்க இரத்தினக்கல் ஆய்வு நிறுவனம்) போன்ற ஆய்வுகூட அறிக்கை உண்மையில் பெறுமதியானது, ஆனால் அதற்கு ஆகும் செலவுக்கு ஒரு சாதாரண நன்னீர்ச் சரத்துக்கு அறிக்கை எடுப்பதில் நியாயமே இல்லை. ஆச்சியின் பழைய முத்துக்கு எடுக்கலாம்.

இடையில் ஒன்று. கடகராசிக்கு, சந்திரனுக்கு என்று மோதிர முத்து ஒன்லைனில் நிறைய விற்கிறார்கள், 'இயற்கை முத்து' என்று போட்டு. அநேகமாக அது ஒரு பக்கம் தட்டையான நன்னீர் வளர்ப்பு முத்து. நம்பிக்கைக்குப் போடுபவர் அதைத் தெரிந்து போட்டால் சரி, இயற்கை விலை கொடுக்காதவரை. யானை முத்து, மூங்கில் முத்து, நாகமுத்து என்று வருகிறதே, அதில் ஐந்து சதமும் போடாதீர்கள். பழைய பாட்டில் யானைக் கொம்பில் முத்துப் பிறக்கலாம், பார்சலில் வருவது எலும்பையோ பிளாஸ்ரிக்கையோ உருட்டி மெருகிட்டது.

உங்கள் தங்கச்சிக்கு என்றால் நான் வாங்குவது 7 முதல் 7.5 மில்லிமீற்றர் நன்னீர் முத்து, முழு உருண்டைக்குக் கிட்டியது, வெள்ளை, நீளம் 18 அங்குலம். பளபளப்புக்கு முதலிடம் கொடுங்கள், உருண்டைக்கு அடுத்த இடம், ஒன்றிரண்டு புள்ளியைக் கண்டுகொள்ளாதீர்கள், கழுத்தில் கிடக்கும்போது யாருக்கும் தெரியாது. அந்த 2,500 ரூபாய்ச் சரம் கண்ணாடியாகவோ ஷெல் பேர்ளாகவோதான் இருக்கும். கூறையோடு ஒரு நாள் போட்டுப் படம் எடுக்க மட்டும் என்றால் அதையே தெரிந்து வாங்குவதிலும் தவறில்லை. ஒரு இலட்சத்துக்கு மேலே உள்ளதைப் பற்றி: அகோயா என்று போட்டிருந்தால் விலை பொருந்தக்கூடியதுதான், துளைப் படத்தைக் கேளுங்கள். சவுத் சீ முழுச் சரம் என்றால் அந்த விலைக்கு நம்ப முடியாது, ஒற்றைத் தொங்கலுக்கு என்றால் பேசலாம்.

திருப்பி எடுக்கும் நாள் எத்தனை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பார்சலைத் திறப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். உரசிப் பார்ப்பதையும் அந்த நாட்களுக்குள் செய்துவிடுங்கள், லேபிளை வெட்டுவதற்கு முன். தோட்டை வேறு ஆளிடம் வாங்க வேண்டாம். தோட்டு முத்து பாதிதான் துளைத்து, தங்க ஆணியில் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள், துளையைப் பார்க்க வழியில்லை. சரம் விற்றவரிடமே, அதே தொகுதி முத்தில், சரத்தைவிட அரை மில்லிமீற்றர் பெரிதாகக் கேட்டு வாங்கினால் வெள்ளையும் ஒத்துப்போகும், சரத்தில் செய்த சோதனை தோட்டுக்கும் சேரும்.